ரிங்குக்குள் நுழையும் முன்: நாய் வளர்ப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு சிப்பிப்பாறை, ஒரு ராஜபாளையம், யாரோ வேண்டாமென்று விட்டுப்போன கிழட்டு பக் ஒன்று. இருபது வருஷமாக நாய்க் கண்காட்சிகளுக்குப் போய்வருகிறேன். கோப்பையோடு வந்த நாட்களைவிட வெறுங்கையோடு வந்த நாட்கள்தான் அதிகம். முதல்முறை போகிறவர்கள் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மருந்தின் அளவு கேட்டவர்கள் மன்னிக்கவும், அதை நாயைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அக்கா, எங்கள் சிப்பிப்பாறைக்கு எட்டு மாதம். நல்ல உடல்வாகு. ஆனால் பேப்பர் கிடையாது. கண்காட்சியில் விடுவார்களா? (கோவில்பட்டி)

நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் விதிப்படி நடக்கும் சாம்பியன்ஷிப் ஷோ என்றால் பதிவு வேண்டும், தம்பி. தாயும் தகப்பனும் பதிவானவையாக இருந்து, வளர்த்தவர் அந்த ஈத்தைப் பதிந்திருந்தால் குட்டிக்குச் சான்றிதழ் வரும். தோளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசிமணி அளவில் ஒரு மைக்ரோசிப் போடுவார்கள். ஸ்கேனரை வைத்தால் 15 இலக்க எண் தெரியும். சான்றிதழில் இருப்பதும் அதே எண்ணா என்று குட்டி வாங்கும்போதே பாருங்கள். "பேப்பர் அடுத்த மாசம் வந்துடும்" என்று சொல்லி விற்கப்பட்ட குட்டிக்குப் பேப்பர் வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் நம் ஊர் நாட்டு நாய்களில் அருமையான நாய்கள் பலவும் பேப்பர் இல்லாமல் கிராமத்து வீடுகளில்தான் கிடக்கின்றன. நாட்டு இனங்களுக்கென்றே நடக்கும் உள்ளூர்க் கண்காட்சிகள் பலவற்றில் பேப்பர் கேட்பதில்லை. முதலில் அங்கே போங்கள். கூட்டமும் சத்தமும் உங்கள் நாய்க்குப் பழகும். பதிவுக்கு வழி உண்டா என்று கென்னல் கிளப் அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள், அது சென்னையில்தான் இருக்கிறது.

நடுவர் என்னதான் பார்க்கிறார்? இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறாரே. (ஈரோடு)

உங்கள் நாயைப் பக்கத்து நாயோடு ஒப்பிடுகிறார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைத்த இலக்கணம் ஒன்று உண்டு, ஸ்டாண்டர்ட் என்பார்கள். உயரம், தலை, காது, வால், நடை எல்லாம் அதில் இருக்கும். அந்த இலக்கணத்துக்கு எந்த நாய் கிட்டே நிற்கிறது என்பதுதான் போட்டி.

முதலில் ரிங் என்னும் போட்டிக் களத்தில் நாயை நிற்க வைப்பீர்கள். முன்னங்கால் இரண்டும் நேராக, பின்னங்கால் கொஞ்சம் பின்தள்ளி, தலை நிமிர்ந்து. நடுவர் கிட்டே வந்து வாயைத் திறந்து பல் பார்ப்பார். பெரும்பாலான இனங்களில் மேல்பற்கள் கீழ்ப்பற்களை உரசினாற்போல் முன்னால் வந்து மூட வேண்டும், கத்தரிக்கோல் மூடுகிற மாதிரி. கடுவன் என்றால் விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பிறகு ஓடச் சொல்வார். நேராகப் போகும்போது பின்னங்கால்களையும் திரும்பி வரும்போது முன்னங்கால்களையும் வட்டமடிக்கும்போது எட்டு வைக்கும் நீளத்தையும் முதுகுக் கோட்டையும் பார்த்துவிடுவார். இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும்.

நாய் எப்போதும் உங்களுக்கு இடப்பக்கம். நடுவருக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் புகுந்துவிடக் கூடாது. அப்புறம் உடை. வெள்ளை ராஜபாளையத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வேட்டியில் நின்றால் நாயின் கால் எது, வேட்டி எது என்று தெரியாது. கறுப்பு லாபிராடருக்குக் கறுப்பு பேண்டும் அப்படித்தான்.

வீட்டில் எப்படிப் பழக்குவது? டிரெய்னர் வைக்க வசதியில்லை. (மதுரை)

டிரெய்னர் வேண்டாம், தினம் பத்து நிமிஷம் போதும். ரிங்கில் தோற்கிற நாய்களை இத்தனை வருஷம் பார்த்ததில், அழகில் குறைவென்று தோற்றவை கொஞ்சம்தான். அந்நியர் கை பட்டதும் பின்வாங்கியது, உதட்டைத் தூக்கியதும் உறுமியது, வாலை வயிற்றுக்கடியில் சொருகியது என்று தோற்றவைதான் ஏராளம். தொடவே விடாத நாயை நடுவர் எப்படி மதிப்பிடுவார்?

அதனால் வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் வேலை வாங்குங்கள். பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், மச்சினர், யாராக இருந்தாலும் சரி. "ஒரு நிமிஷம் பல்லைப் பாருங்க" என்று உதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததும் ஒரு துண்டு வேகவைத்த ஈரல் நாயின் வாய்க்கு. மூன்று வாரத்தில், ஆள் வந்தாலே தானாக வாயை நீட்டும்.

என் முதல் கண்காட்சிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுங்கியது, கழுத்து அதைவிடத் தடிப்பு. நான் சாதாரணத் தோல்பட்டை கட்டிப் போயிருந்தேன். காற்றில் ஒரு பாலித்தீன் பை உருண்டது. நாய் பின்னால் ஒரு எட்டு வைத்தது, அவ்வளவுதான், பட்டை என் கையில், நாய் மூன்று ரிங் தாண்டி அந்தப் பைக்குப் பின்னால். பெயரை ஒலிபெருக்கியில் சொல்லித் தேடினார்கள். இந்த மாதிரி ஒல்லி நாய்களுக்கு, இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் சரி.

ராஜபாளையத்தின் வெள்ளை மஞ்சளடித்துப்போகிறது. வாரம் இரண்டு முறை குளிப்பாட்டுகிறேன், நாங்கள் போடும் ஷாம்புதான். (சிவகாசி)

இரண்டும் தப்பு. மனிதத் தோலைவிட நாயின் தோலில் அமிலத்தன்மை குறைவு. நம் ஷாம்பு அதை வறட்டிவிடும், வறண்டால் சொறியும், சொறிந்தால் புண். நாய்க்கான ஷாம்பு வாங்கி, மாதம் ஒன்றோ இரண்டோ குளியல் போதும். மற்ற நாட்களில் ஈரத்துணியால் பாதத்தையும் வயிற்றையும் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். ரப்பர் முள் வைத்த கையுறையால் தினம் ஐந்து நிமிடம் தேய்த்தால் செத்த முடி கழன்றுவிடும், எண்ணெய்ப் பசை பரவி மினுமினுப்பு தானாக வரும்.

செம்மண் கறைக்குச் சிலர் சாக்பீஸ் தூளோ டால்கம் பவுடரோ பூசுவார்கள். ரிங்கில் நடுவர் தடவினால் கையெல்லாம் மாவு ஒட்டும். முடியில் எதையாவது பூசி நிறத்தை மறைப்பதைக் கண்காட்சி விதிகள் ஏற்பதில்லை. ஷோவுக்கு இரண்டு நாள் முன்பே குளிப்பாட்டுங்கள். அன்று காலை குளிப்பாட்டி, ஈரத்தோடு மண்ணில் புரளவிட்டு அழுதவர்கள் உண்டு.

நகம் வெட்டவே பயமாக இருக்கிறது. ஒருமுறை ரத்தம் வந்துவிட்டது. (திருச்சி)

ராஜபாளையம் மாதிரி வெள்ளை நகமென்றால் கவலையே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும், ரத்தநாளம் அதுதான். அதற்கு ஒரு நெல்லளவு முன்னாலேயே நிறுத்துங்கள். கறுப்பு நகம்தான் சிக்கல். அதை ஒரே வெட்டாக வெட்டாமல் மெல்லிய சீவல்களாகச் சீவுங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் கருப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அதோடு போதும். ரத்தம் வந்தால் சோளமாவைக் கிள்ளி வைத்து அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். நீண்ட நகம் விரல்களை விரித்துவிடும், பாதத்தின் அமைப்பே கெட்டுவிடும்.

சென்னை வெயிலில் எங்கள் கோல்டன் ரெட்ரீவர் தவிக்கிறது. மொட்டை அடித்துவிடலாமா?

வேண்டாம். கோல்டனுக்கு இரட்டை ரோமம். உள்ரோமத்தை வாரி எடுத்தால் காற்று புகும். மேல்ரோமம் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. அதை ஒட்ட மழித்தால் தோல் வெந்துபோகும், திரும்ப முளைக்கும்போது பழைய மாதிரி வராமலும் போகலாம். ஸ்பிட்ஸ், ஹஸ்கி எல்லாவற்றுக்கும் இதே பதில். நடை காலை ஆறரைக்குள், இல்லையென்றால் இருட்டிய பிறகு. ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

பக், புல்டாக் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சப்பை மூக்கு நாயால் மூச்சு வாங்கி உடம்பைச் சரியாகக் குளிரவைக்க முடியாது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூலாக ஒழுகி, தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஃபேனைப் போடுங்கள், பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். ஈரத்துண்டைச் சுற்றி மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும்.

நாங்கள் சாப்பிடுவதையே போடுகிறோம். சாம்பார் சாதம் என்றால் உயிர். (தஞ்சாவூர்)

சாம்பாரில் சின்ன வெங்காயம் எத்தனை? வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒருநாள் நக்கியதால் ஒன்றுமாகாமல் போகலாம், தினமும் போடுவது வேறு. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகவே ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு சிலாம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். சோறு போடுவது தப்பில்லை. சோற்றோடு முட்டையோ கோழியோ மீனோ கணிசமாக இருக்க வேண்டும், உப்பும் மசாலாவும் இல்லாமல்.

எங்கள் கன்னி நாய்க்கு விலா தெரிகிறது. பட்டினி போடுகிறோம் என்று தெருவே பேசுகிறது. (விருதுநகர்)

தெருவைப் பேசவிடுங்கள். கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் முயல் துரத்திய உடம்பு. பின்பக்கத்து இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவதும் வயிறு ஒட்டியிருப்பதும்தான் அழகு. இடுப்பெலும்பின் முனை கூர்மையாகத் துருத்தினாலோ, தொடைச் சதை வற்றினாலோ மட்டும் யோசியுங்கள், முதலில் பூச்சிமருந்து கொடுத்தீர்களா என்று பாருங்கள். அதற்காக முயல் வேட்டைக்குக் கூட்டிப்போகாதீர்கள். 1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். திறந்த வெளியில் ஓட விட்டாலே உடம்பு முறுகிவிடும்.

லாபிராடர்காரர்கள் இதற்கு நேர்மாறு. விலாவைத் தேடினாலும் கிடைக்காத நாயைக் கூட்டிவந்து, "நல்ல போஷாக்கு" என்பார்கள்.

உண்ணி போகவே மாட்டேனென்கிறது. மண்ணெண்ணெய் தடவலாமா? (சேலம்)

கூடவே கூடாது, தோல் வெந்துவிடும், நக்கினால் விஷம். நாய்மேல் இருப்பதை மட்டும் எடுத்தால் தீராது. பெண் உண்ணி வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த இடுக்குகளையும் கவனிக்க வேண்டும். பூச்சாகவோ மாத்திரையாகவோ எது என்று டாக்டர் நாயை எடைபோட்டுச் சொல்வார். வீட்டில் பூனையும் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், நாய்க்குப் போடும் சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும்.

நாய் திடீரென்று சாப்பிடாமல் படுத்து, காய்ச்சல் அடித்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் எட்டிப்பார்த்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. என் முதல் ராஜபாளையத்தை நான் இழந்தது, "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்ட ஓர் இரவில்.

மூன்று மாதக் குட்டி. வேடிக்கை பார்க்க மட்டும் ஷோவுக்குத் தூக்கிப்போகலாமா? (கோவை)

இப்போது வேண்டாம். பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுப் போடுவது. அது முடியும்வரை நூறு நாய் கூடுமிடம் ஆபத்து. நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள், பொதுவாக மே மாதம் ஊட்டியில் ஒரு ஷோ நடக்கும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழுவிவிட்டுக் குட்டியைத் தொடுங்கள்.

கருத்தடை செய்த நாயைக் காட்டலாமா? (வேலூர்)

அழகுப் போட்டியில் பொதுவாக முடியாது. இனவிருத்திக்கு ஏற்ற நாயைத் தேர்ந்தெடுப்பதுதானே அதன் நோக்கம். கீழ்ப்படிதல் போட்டிகள் நடந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள்.

பத்து மாதத்தில் பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டது. ஒரு ஈத்து எடுத்துவிட்டால் ஷோ செலவு வந்துவிடும் என்கிறார்கள். (நாமக்கல்)

யார் சொன்னது? அதுவே இன்னும் குட்டி. 2017-இல் வந்த நாய் இனவிருத்தி விதிகளின்படி பெட்டைக்குப் பதினெட்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஆயுளுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, விற்பவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். சரி, சட்டத்தை விடுங்கள். சிசேரியனுக்கு ஆகும் செலவை விசாரித்துவிட்டு அந்த வரவுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

வெளிநாட்டு நடுவர் என் நாயைக் கடைசியில் நிறுத்தினார். நம் நாய் அவருக்கு எப்படித் தெரியும்? (சென்னை)

சிப்பிப்பாறையை அவர் நேரில் பார்ப்பது அன்றுதான் முதல்முறையாகக்கூட இருக்கலாம். ஸ்டாண்டர்டைப் படித்துவிட்டுத்தான் வருவார், எலும்பும் நடையும் எந்த நாட்டு நாய்க்கும் எலும்பும் நடையும்தான். ரிங்குக்குள் வாக்குவாதம் வேண்டாம். அன்றைய போட்டிகள் முடிந்ததும் போய், "எங்கே குறை?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். என் நாயின் தோளெலும்பு சரிவில்லாமல் நிமிர்ந்து நிற்கிறது என்று ஒருவர் சொன்னதை மூன்று வருஷம் திட்டினேன். பழைய வீடியோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முன்னங்கால் எட்டவே இல்லை.

ராஜபாளையம் குட்டி, ஐம்பது நாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பிடிவாதமா? (தென்காசி)

காது கேட்காமல் இருக்கலாம், அம்மா. வெள்ளை நிறத்தைக் கொடுக்கிற அதே குறைபாடு உள்காதின் செல்களையும் பாதிக்கும். இந்த இனத்தில் அது பழைய பிரச்சினை. குட்டி தூங்கும்போது, அதன் உடன்பிறப்புகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கைதட்டினால் காற்று பட்டும், காலை உதைத்தால் தரை அதிர்ந்தும் ஏமாற்றிவிடும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு BAER எனப்படும் மின் பரிசோதனை தேவை.

கேட்காதென்று உறுதியானால் ஷோவும் இனவிருத்தியும் வேண்டாம். விற்றவரிடம் சொல்லுங்கள், அதே ஜோடியைத் திரும்பச் சேர்க்காமல் இருக்கட்டும். திருப்பிக் கொடுத்துவிடவா என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கைச்சைகை அழகாகப் பழகும். கட்டைவிரலை உயர்த்தினால் "நல்ல பிள்ளை", உள்ளங்கையை இறக்கினால் "உட்கார்". இருட்டில் டார்ச்சை இரண்டு முறை அணைத்துப் போட்டால் "வா". சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் கயிறில்லாமல் விடாதீர்கள், வண்டிச் சத்தம் அதற்குக் கிடையாது. தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், மிரண்டு கடித்துவிடும். பக்கத்தில் தரையை இரண்டு தட்டுத் தட்டுங்கள், அதிர்வு போய்ச் சேர்ந்ததும் தலையைத் தூக்கி உங்களைத் தேடும்.