திருமலையில இருந்துகொண்டு அனுபவத்துக்கு எங்க போறது?

தம்பி, பேராதனையில இயந்திரப் பொறியியல் முடிச்சிட்டு, விமான உலோக அயர்ச்சிச் சோதனையில (திரும்பத் திரும்ப வளைஞ்சு, அழுத்தப்பட்டு உலோகம் வெடிக்கிறதைச் சோதிக்கிறது) மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க, திருகோணமலையில காட்ட ஒரு அனுபவமும் இல்லை என்று கேட்டிருந்தீங்கள். இருக்கு. படகு இஞ்சின் திருத்துறவரிட்ட முறிஞ்ச ஷாஃப்ட் (சுழல்தண்டு) ஒன்று வாங்குங்கோ. சவர்க்காரமும் மெல்லிய பிரஷும் போதும். கம்பிப் பிரஷ் போட்டா தடயம் அழிஞ்சுபோம். முறிஞ்ச முகத்தில சாய்வா வெளிச்சம் பிடிச்சா, ஒரு மூலையில தொடங்கி மட்டி ஓட்டின்ர வரி மாதிரி விரிஞ்சிருக்கும். கடைசியா அறுந்த பக்கம் மட்டும் சொரசொரப்பு. தொடக்கம் அநேகமா ஒரு கூரான மூலை, இல்லாட்டி துருக்குழி.

எத்தனை மணித்தியாலம் ஓடினது என்று படகுக்காரரிட்ட கேளுங்கோ. ஒரு சுற்றுக்கு ஒருக்கா ஷாஃப்ட் வளையும்; நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் மணிக்கு 120,000 வளைவு. ஆய்வுகூடத்தில செய்யிறதும் இந்தக் கணக்குத்தான்.

1954இல் கொமெட் என்ற பயணிகள் ஜெட் விமானத்தை இங்கிலாந்தில ஃபார்ன்பரோவில தண்ணித்தொட்டிக்குள்ள வைச்சு அழுத்தம் ஏற்றி இறக்கினவை. பறந்ததையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 தடவை அழுத்தம் ஏறி இறங்கினதில ஜன்னல் மூலையில பிளந்தது. 1988இல் ஹவாயில கூரை பிய்ஞ்ச அலோஹா போயிங் 89,680 தடவை பறந்தது. உப்புக்காற்று அரிப்பும் சேர்ந்துகொண்டது. அந்தக் காற்று உங்கட வாசலிலயே அடிக்குது.

நாலைஞ்சு முறிவைப் படமெடுத்து, கணக்கோட எழுதி விண்ணப்பத்தில சேருங்கோ. வரைவை இங்க போட்டா நான் பார்த்துத் திருத்தித் தாறன்.