.30-06 வெற்றுத் தோட்டாக் கூட்டை அரிசாகாவுக்கு மாற்றும்போது கழுத்தை ஏன் சூடாக்குகிறார்கள்?

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் ஜப்பானிய அரிசாகா துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் 7.7 மி.மீ. தோட்டாதான் சுலபத்தில் கிடைப்பதில்லை. அடிப்பக்கம் ஏறக்குறைய ஒத்துப்போவதால், .30-06 என்ற அமெரிக்கத் துப்பாக்கித் தோட்டாவின் 63 மி.மீ. நீளமுள்ள கூட்டை அச்சில் அழுத்தி, சுமார் 58 மி.மீ. நீளத்துக்கு வெட்டுகிறார்கள்.

சரி, சூடு எதற்கு? 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, நெளிக்க நெளிக்க விறைத்துக்கொள்ளும். அப்புறம் கழுத்தில், அதாவது குண்டைப் பிடித்திருக்கும் குறுகலான மேல்பகுதியில், கீறல் விழும். சூடாக்கினால் அந்த விறைப்பு போய்விடும். ஆனால் அடிப்பகுதியில் விறைப்பு போகவே கூடாது, சுடும்போது அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அதனால் கூட்டைத் தண்ணீரில் நிறுத்தி மேல்பகுதிக்கு மட்டும் தீ காட்டுவது பழைய வழக்கம்.

எனக்குப் பெரிய பயம் வேறு: அடியில் பொறித்த '.30-06' அப்படியே இருக்கும். பெட்டியில் எழுதி வைக்காவிட்டால் யாராவது வேறு துப்பாக்கியில் போட்டுவிடலாம்.