வீட்டில் வைத்துக்கொள்ள .380 கைத்துப்பாக்கி போதுமா, .45 தான் வாங்க வேண்டுமா? (டெக்சாஸ்)

போதும். நான் வைத்திருப்பதும் .380 தான் (.380, 9 மி.மீ., .45 எல்லாம் தோட்டா ரகங்களின் பெயர்). உங்கள் கணவரின் நண்பர்கள் யாராவது ".380 எல்லாம் பொம்மை" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

நான் ஹூஸ்டன் பக்கம். கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். (நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருந்தால் வேட்டை உரிமம் மாதிரி ஏதாவது விலக்கு இல்லாமல் வாங்கக்கூடாது, முதலில் அதைப் பாருங்கள்.) எனக்குக் கட்டைவிரல் மூட்டில் வாதம். ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) வாடகைக்கு எடுத்த .45-இன் ஸ்லைடை, அதாவது சுடுமுன் இழுத்துவிடும் மேல்பகுதியை, முழுசாகப் பின்னால் இழுக்கவே முடியவில்லை. சின்ன 9 மி.மீ.யில் முதல் குண்டு சரியாகப் போனது, அடுத்தது எங்கே போனதென்று தேட வேண்டியிருந்தது. அப்புறம்தான் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஇசட் .380. 2018-இல் வந்தது, ஸ்லைடு சுலபமாக இழுபடும். சுட்டதெல்லாம் உள்ளங்கை அகல இடத்துக்குள் விழுந்தது.

ஆனால் .380 தானே என்று பாக்கெட்டில் போடுகிற குட்டித் துப்பாக்கியை வாங்கிவிடாதீர்கள். எடை குறைந்தால் அதே தோட்டா கையை நன்றாகவே உதைக்கும்.

"பவர் கம்மி" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. குண்டின் விட்டம் 9 மி.மீ.க்குச் சமம்தான், எடை சுமார் 95 கிரெயின் (குண்டை எடை போடும் அளவு). .45-இல் 230 கிரெயின் சாதாரணம். 9 மி.மீ. இன்னும் ஆழமாகப் பாயும், கை ஒத்துழைத்தால் அதையே வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. எஃப்பிஐ என்ன செய்தது? 1986-இல் மயாமியில் கொள்ளையரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் தங்கள் 9 மி.மீ. குண்டு போதிய ஆழம் போகவில்லை என்று 10 மி.மீ.க்கு மாறினார்கள். துப்பாக்கி பெரிது, உதை அதிகம் என்று .40-க்கு வந்தார்கள். கடைசியில் நல்ல குண்டுகள் வந்ததும் 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டார்கள். பயிற்சி எடுத்த ஏஜெண்டுகள் கதையே இது. துப்பாக்கியே தப்பு என்பவர்கள் தனிக் கேள்வி போடுங்கள், அங்கே பேசலாம்.

இன்னொன்று, சம்பந்தமில்லைதான், சொல்லிவிடுகிறேன். எனக்கு .45 சிபாரிசு செய்த அண்ணன்மார் யாரும் பாட்லக்கில் (ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் விருந்து) சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துப் போடமாட்டார்கள். பிரியாணி அண்டாவைத் தேய்த்துக் கவிழ்ப்பது நாங்கள். "பெண்கள் கைக்கு வலு பத்தாது" என்ற கவலை அப்போது மட்டும் ஒருத்தருக்கும் வராது.

சரி, வாங்குமுன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நீங்களே சுட்டுப் பாருங்கள், கணவரை விட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டுப் பெட்டியையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.