இசை ஸ்டூடியோவுக்காக நான் வரைந்த முதல் லோகோ இது. எங்கே சறுக்கியிருக்கிறேன்?

படத்தைத் திறக்காதவர்களுக்காக, நீங்கள் வரைந்திருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்புப் பின்னணி. நடுவில் ஒரு ஜி கிளெஃப் (மேற்கத்திய இசைத்தாளில் வரிகளின் தொடக்கத்தில் வரும் சுழிக் குறி), அதன் தலையில் ஹெட்ஃபோன், வலப்பக்கம் பழைய பாணி மைக், மைக்கின் ஓரத்தில் ஒரு குட்டி நோட் (ஸ்வரக் குறி), எல்லாவற்றுக்கும் பின்னால் ஒலியலை. மொத்தத்துக்கும் நீலத்திலிருந்து ஊதாவுக்கு ஓடும் கிரேடியண்ட். கீழே மெல்லிய எழுத்தில், நன்றாக இடைவெளி விட்டு, 'ப'வில் தொடங்கும் பெயரும் 'ஸ்டூடியோ' என்ற சொல்லும். நண்பருக்குச் செய்தது, தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, பார்க்கவில்லை.

முதலில் கண்ணை உறுத்துவது அந்த கிளெஃப். மைக்கைப் பார்த்தபடி நிற்கட்டும் என்று அதை இடவலமாகத் திருப்பிவிட்டீர்கள். நமக்கு அது ஓர் அழகான சுழி. இசைக்கருவி வாசிக்கிறவர்களுக்கு அது எழுத்து. ஆங்கில ஜி எழுத்துதான் காலப்போக்கில் இந்த வடிவத்துக்கு வந்தது. அதன் சுருள், இசையை எழுதும் ஐந்து கோடுகளில் கீழிருந்து இரண்டாவதைச் சுற்றிக்கொண்டு, ஜி ஸ்வரத்தின் இடம் இதுதான் என்று காட்டுகிறது. அதைத் திருப்பிப் போடுவது, 'க'வைக் கண்ணாடியில் பார்த்து எழுதிய பெயர்ப் பலகை மாதிரி. வயலினோ பியானோவோ வாசிக்கிற ஒருவர் ஸ்டூடியோவின் பெயரைப் படிக்கும் முன்பே இதைக் கவனித்துவிடுவார். நோட்டிலும் இதே கதை. தண்டு மேலே போனால் அது தலையின் வலப்பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும், கீழே போனால் இடப்பக்கத்திலிருந்து. கொடி எப்படியும் வலப்பக்கம்தான். உங்கள் நோட்டில் தண்டு இடப்பக்கத்திலிருந்து மேலே போகிறது. இலவச ஐகான்களிலேயே இந்தத் தப்பு தாராளமாகக் கிடைக்கும் என்பதால் பழி முழுவதையும் உங்கள் மேல் போட மாட்டேன்.

இதைச் சரிசெய்தாலும் பெரிய பிரச்சினை அப்படியே இருக்கும். கிளெஃப், ஹெட்ஃபோன், மைக், நோட், அலை, ஐந்தும் சேர்ந்து 'இங்கே இசை' என்று ஒரே விஷயத்தை ஐந்து முறை சொல்கின்றன. அதைப் பெயரே சொல்லிவிடுகிறது. எந்த ஸ்டூடியோ என்பதைத்தான் எதுவும் சொல்லவில்லை. யமஹாவைப் பாருங்கள். ஆர்கனில் தொடங்கி பியானோ, கிட்டார், டிரம்ஸ் என்று எத்தனையோ செய்கிற நிறுவனம், ஆனால் சின்னத்தில் இருப்பது நடுவில் ஒன்றையொன்று குறுக்கிடும் மூன்று சுருதிக் கவைகள் மட்டும் (சுருதிக் கவை என்றால், தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரண்டு கை உலோகக் கருவி). ஹெட்ஃபோன் நிறுவனமான பீட்ஸ் இன்னும் சிக்கனம். வட்டத்துக்குள் ஒரு 'பி' எழுத்து, அதுவே ஹெட்ஃபோன் மாட்டிய தலையாகவும் தெரிகிறது.

உங்கள் கையிலும் அப்படி ஒன்று சும்மா கிடக்கிறது. பெயரின் முதலெழுத்து 'ப'. இரண்டு கைகள், கீழே ஓர் அடித்தளம். அடியில் நடுவாக ஒரு குட்டைக் காம்பு வைத்தால் சுருதிக் கவை! காகிதத்தில் நானும் போட்டுப் பார்த்தேன். காம்பு நீண்டால் ஆங்கில ஒய் போலாகிவிடுகிறது. கையின் உயரத்தில் கால் பங்கு வைத்தபோது 'ப'வும் தெரிந்தது, கவையும் தெரிந்தது. மூலைகளை எவ்வளவு வளைக்கலாம் என்பது உங்கள் பாடு. ரொம்ப வளைத்தால் 'ப' போய்விடும். நண்பர் முக்கியமாகக் குரல் பதிவுதான் செய்யப்போகிறார் என்றால் மைக்கை மட்டும் வைத்துக்கொள்வதும் நியாயமே. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்து எழுத்து. இடைவெளி விட்டு எழுதினால் ஒரு தோரணை வருகிறது என்று நினைத்திருப்பீர்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது வரும், ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டை என்பதால். தமிழில் 'யோ' என்பது கொம்பு, 'ய', கால் என்று மூன்று துண்டு. உங்கள் இடைவெளியில் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன, கடைசிக் கால் தனியாக நின்று 'ர' மாதிரி தெரிகிறது. நான் முதல் தடவை 'ஸ்டூடியேர' என்றுதான் படித்தேன். கூடவே, இவ்வளவு மெல்லிய எழுத்தில் 'ஸ்' மேல் இருக்கும் புள்ளி, படத்தைக் கொஞ்சம் சுருக்கினாலே காணாமல் போகிறது. தடிமனைக் கூட்டுங்கள், இடைவெளியைக் குறையுங்கள்.

கிரேடியண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லோகோ முதலில் ஒரே கறுப்பில், வெள்ளைத் தாளில் நிற்க வேண்டும். நிறம் அப்புறம். திரையில் பளிச்சிடும் அந்த நீல ஊதா, நாலு மை அச்சில் மங்கித்தான் வரும். பிரவுசர் தாவலில் தெரியும் ஐகான் 16 பிக்சல் அகலம்தான். இப்போதைய லோகோவை அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், ஊதாத் தூசி மாதிரி இருக்கிறது. புரொஃபைல் படத்தை வட்டமாக வெட்டும் இடங்களில் பெயரின் இரண்டு ஓரமும் போய்விடும்.

இன்னொன்று, இதை ஃபோட்டோஷாப்பில் செய்து ஜேபெக்காக வைத்திருக்கிறீர்கள். என் முதல் லோகோவையும் நான் அப்படித்தான் கொடுத்தேன். பேனர் அளவுக்குப் பெரிதாக்கினார்கள், ஓரமெல்லாம் ரம்பப் பல். ஒரு ராத்திரி உட்கார்ந்து முதலிலிருந்து வரைந்தேன். இங்க்ஸ்கேப் இலவசம், அதில் வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கெடாதபடி வரைந்து, எஸ்விஜி கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். மைக், ஹெட்ஃபோன் எல்லாவற்றிலும் கோட்டின் தடிமனை ஒரே அளவில் வைத்திருக்கிறீர்கள். ஆரம்பத்தில் எனக்கு அது வரவே இல்லை. அதே தடிமனில் 'ப' கவையைக் கறுப்பில் மட்டும் வரைந்து, பக்கத்திலேயே அதன் 16 பிக்சல் வடிவத்தையும் வைத்துப் போடுங்கள், மறுபடி பார்த்துச் சொல்கிறேன்.