ரோகிணி நட்சத்திரம் சூரியனைவிடக் குளிர்ச்சி என்றால், அது எப்படி இவ்வளவு பிரகாசம்?

குளிர்ச்சிதான், ஆனால் உடம்பு பெரிது. ஜனவரியில் இரவு பத்து மணிவாக்கில் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக் கார்பார்க்கின் மேல்தளத்துக்குப் போனால், தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறி ஏறக்குறைய உச்சியில் செம்மஞ்சளாகத் தெரியும். தூரம் சுமார் 65 ஒளியாண்டு.

ரோகிணியின் மையத்தில் எரிபொருளான ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகித் தீர்ந்துவிட்டது. மிஞ்சிய ஹீலியக் கரு சுருங்கிச் சூடாக, அதைச் சுற்றி ஓடுபோல் உள்ள அடுக்கில் ஹைட்ரஜன் இன்னும் வேகமாக எரிகிறது. அந்த வெப்பத்தில் வெளியடுக்கு உப்பிவிட்டது. ஆரம் சூரியனைப்போல் ஏறத்தாழ 45 மடங்கு. உப்பியதால் மேற்பரப்பு ஆறி, சுமார் 3,600 டிகிரி செல்சியஸ், சூரியனில் 5,500. செம்மஞ்சள் நிறம் அதனால்தான்.

சரி, பிரகாசம்? ஒரு சதுர மீட்டரை எடுத்தால் சூரியன் தருவதில் ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான். ஆனால் மேற்பரப்பு 45 × 45, அதாவது சுமார் 2,000 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், 400 மடங்கு வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது வேறு: எடை சூரியனைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதை அவ்வளவு பெரிய உடம்பில் பரப்பினால், சராசரி அடர்த்தி நாம் மூச்சுவிடும் காற்றைவிடப் பல பத்து மடங்கு குறைவு.