எஞ்சின் கெதியாகச் சூடாக என்ன செய்யலாம்? திருகோணமலை மெக்கானிக் ஒருவரின் கேள்வி பதில்

வணக்கம். நான் திருகோணமலையில் கராஜ் வைத்திருக்கிறேன். அதற்கு முன் கனடாவில், ஸ்காபரோவில் ஒன்பது பனிக்காலம் இதே தொழில்தான். விடுமுறைக்கு நுவரெலியா போகிறவர்களும் வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். இன்று பின்னேரம் அதற்குத்தான்.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, வாற கிழமை குடும்பமா வானில நுவரெலியா போறம். விடிய எத்தனை நிமிசம் வானை நிப்பாட்டி வச்சே எஞ்சினை ஓட விடோணும்? அப்பா பத்து நிமிசம் எண்டுறார்.

அப்பா ஓட்டிப் பழகிய காபரேட்டர் வாகனத்துக்கு அது பொருந்தியது. சோக் இழுத்து, எஞ்சின் சீராக ஓடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு அரை நிமிடம் போதும், புல்லில் உறைபனி படிந்த காலை என்றால் ஒரு நிமிடம். பிறகு மெதுவாக ஓட்டுங்கள்.

காரணம் இதுதான். சும்மா நிற்கும் எஞ்சின் எரிக்கிற எரிபொருள் கொஞ்சம், அதில் பிறக்கிற சூடும் கொஞ்சம். வேலை செய்தால்தான் எஞ்சின் சூடாகும். அதோடு குளிர்ந்த எஞ்சினுக்கு கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். நின்றபடி நேரத்தைப் போக்கப் போக இந்தக் கழுவலும் நீளும். ஓடினால் கியர்பெட்டியும் சில்லுப் பெயரிங்குகளும் சேர்ந்தே சூடாகும்.

இன்னொன்று. சூட்டு ஊசி நடுவுக்கு வந்துவிட்டது என்று உடனே மிதிக்காதீர்கள். ஊசி காட்டுவது தண்ணீரின் சூட்டை. ஒயில் அதற்குப் பின்னால்தான் வரும். முதல் பத்து நிமிடம் எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்ட விடாமல் ஓட்டுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். காலையில் றம்பொடைப் பக்கம் இறங்கினால் எஞ்சினுக்கு இழுக்கிற வேலையே இல்லை, ஊசி மெதுவாகத்தான் ஏறும். அதைப் பழுது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

நிலாவெளியிலிருந்து: டீசல் வானுக்கும் அரை நிமிசம்தானா?

ஆம். ஆனால் சாவியைத் திருப்பியவுடன் சுருள் போன்ற மஞ்சள் விளக்கு எரியும். அது குளோ பிளக், அதாவது சிலிண்டருக்குள் இருக்கிற சின்னச் சூடாக்கி, சூடாகிறது என்ற அறிகுறி. அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் அடிக்க வேண்டும். டீசல் நின்றபடி ஓடும்போது பெற்றோலை விடவும் மெதுவாகத்தான் சூடாகும்.

எட்மன்டனிலிருந்து: சித்தப்பா, இங்கே மைனஸ் முப்பது. அரை மணித்தியாலம் ரிமோட்டில் ஸ்டார்ட் பண்ணி விடுறன். பிழையா?

பிழைதான் மகள். உங்கள் ஊரில் காரின் முன்பக்கத்தில் ஒரு வயரும் பிளக்கும் தொங்கும். அதுதான் பிளொக் ஹீட்டர். எஞ்சினுக்குள் சுற்றுகிற கூலன்றை (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவத்தை) மின்சாரத்தால் சூடாக்கும். இரவு முழுக்கக் குத்திவைக்கத் தேவையில்லை, ஒரு டைமர் வாங்கிப் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன் ஓடவிட்டால் போதும். ஸ்டார்ட் அடித்தவுடனேயே எஞ்சின் பாதி வழி வந்திருக்கும்.

ஒயில் 0W அல்லது 5W என்று தொடங்கட்டும், கையேடு சொல்வதைப் பாருங்கள். அந்த W குளிர்காலத்தைக் குறிக்கிறது. எண் குறையக் குறையக் குளிரில் இளக்கமாக ஓடும். பற்றரியையும் சோதித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 18இலேயே அதன் பலம் பாதியளவுக்கு இறங்கிவிடும். ஏறியவுடன் ஹீட்டர் விசிறியைப் போடாதீர்கள். எஞ்சின் சேர்க்கிற கொஞ்சச் சூட்டையும் அது பறித்துவிடும். ஊசி அசையட்டும், பிறகு போடுங்கள்.

இதைக் கட்டாயம் கேளுங்கள்: கதவு மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் முதலில் அள்ளி எறியுங்கள். புகையில் வருகிற காபன் மொனொக்சைட் என்ற நஞ்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை.

கிண்ணியாவிலிருந்து: அண்ணன், தெர்மோஸ்டாட்டைக் கழட்டினா எஞ்சினுக்கு நல்லதுதானே? போன கிழமை ஒரு இடத்தில கழட்டிட்டாங்க. இப்ப பெற்றோல் கூடுதலாக் குடிக்குது.

தம்பி, நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. திரும்பப் போடுங்கள். தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிற வழியைத் திறந்து மூடுகிற வால்வு. அதற்குள் இருப்பது மெழுகு. 82 அல்லது 88 பாகை வரும்வரை அது திறக்காது. அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக் கெதியாகச் சூடேறும். எஞ்சினைச் சூடாக்க உலகத்தில் உள்ள உபகரணங்களில் மிகவும் மலிவானது இதுதான். அதைக் கழற்றிவிட்டால் கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிர் என்றே நினைத்துப் பெற்றோலைக் கூட்டும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

சீனக்குடாவிலிருந்து, லொறி உரிமையாளர்: தம்பி, நான் முப்பது வருசமா லொறி வச்சிருக்கிறன். எங்கட வெயிலுக்கு அந்தச் சாமான் தேவையில்லை. கழட்டினால் சூடு இறங்கும். கண்ணால கண்டனான்.

அண்ணை, நீங்கள் கண்டது பொய்யில்லை. சூடு இறங்கியிருக்கும். ஏன் ஏறியது என்று யாரும் பார்க்கவில்லை. உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கும், அல்லது வோட்டர் பம்பின் இறக்கை தேய்ந்திருக்கும். நோய் அப்படியே உள்ளே இருக்க, காய்ச்சலை மட்டும் இறக்கியிருக்கிறார்கள்.

ஒரு வானைச் சொல்கிறேன். ஒயில் மூடியைத் திறந்தேன். அடிப்பக்கத்தில் தயிர் போல வெள்ளைக் களி விரலில் ஒட்டியது. ஹெட் காஸ்கட், அதாவது எஞ்சினுக்குள் தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் தடுக்கிற தகடு, போய்விட்டது என்று சொந்தக்காரருக்கு ஏற்கெனவே சொல்லிப் பயங்காட்டியிருந்தார்கள். கூலன்ற் ஒரு சொட்டும் குறையவில்லை. தெர்மோஸ்டாட் கூட்டைக் கழற்றினால் உள்ளே வெறுமை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே படிகிற ஈரம் ஆவியாகப் போகாமல் ஒயிலோடு குழம்பியிருந்தது. புதுத் தெர்மோஸ்டாட்டும் புது ஒயிலும் போட்டேன், இரண்டாம் மாதம் மூடி சுத்தமாக இருந்தது.

வவுனியாவிலிருந்து: அண்ணா, எத்தனை நிமிசம் நிற்பாட்டி வச்சு ஓடவிடோணும்?

முதற் கேள்வியைப் படியுங்கள்.

சீனக்குடா லொறி உரிமையாளர் மீண்டும்: வான் வேற, லொறி வேற. சூடு கூடி எஞ்சின் பிடிச்சால் ஆர் பொறுப்பு?

கழற்றுவதாலேயே சூடு கூடுகிற எஞ்சின்கள் இருக்கின்றன அண்ணை. சில தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல் வாய் திறக்கும்போது அது கீழே இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்பும். ஹபரணை வரைக்கும் ஒன்றும் தெரியாது. கண்டிக்கு அப்பால் பாரத்தோடு ஏறும்போது கொதிக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பழையதை ஒரு சட்டித் தண்ணீரில், அடியில் முட்டாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். 82 என்று குத்தியிருந்தால் அந்த அளவில் வாய் மெல்ல விலகத் தொடங்கும். ஆறியதும் தானாக மூடும். திறக்காவிட்டால் அதுதான் உங்கள் லொறியைச் சூடாக்கியது. அதற்கு மருந்து புதிது ஒன்று, வெறும் ஓட்டை அல்ல.

திருக்கடலூரிலிருந்து: மண்ணெண்ணெய் போட் எஞ்சினுக்கும் இது உண்டா?

நல்ல கேள்வி. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் சரியாக ஆவியாகாது. அதனால்தான் பெற்றோலில் ஸ்டார்ட் அடித்து, சூடானதும் மாற்றுகிறோம். அவசரப்பட்டு மாற்றினால் பிளக் கரி பிடிக்கும். கரைக்கு வந்து நிறுத்துமுன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டால் அடுத்த விடியலில் கயிறு ஒரே இழுவையில் பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவவும் மறக்காதீர்கள், உப்புப் படிந்தால் தெர்மோஸ்டாட் இறுகிவிடும்.

கந்தளாயிலிருந்து: ரேடியேட்டருக்கு முன்னால மட்டை வச்சால் கெதியாச் சூடாகுமாம்?

எட்மன்டன் லொறிக்காரர் அதற்கென்றே செய்த மூடி போடுவார்கள். நுவரெலியாவுக்கு வேண்டாம். எடுக்க மறந்து மாத்தளைக்கு இறங்கினால் எஞ்சின் போய்விடும்.

அன்புவழிபுரத்திலிருந்து: எஞ்சின் மேல சுடுதண்ணி ஊத்தலாமா? கன்னியாத் தண்ணி மாதிரி இளஞ்சூடா?

வேண்டாம். மின் இணைப்புகளுக்குள் தண்ணீர் போகும். கன்னியா ஊற்று உடம்பு தாங்குகிற சூடு, எஞ்சினுக்கு அது ஒன்றுமேயில்லை. உறைபனி பிடித்த கண்ணாடியில் சுடுநீர் ஊற்றினால் வெடித்துவிடும்.

மூதூரிலிருந்து: கிளட்ச் சத்தம்...

நேரில் கொண்டுவாருங்கள்.

ஒஸ்லோவிலிருந்து: எத்தனை நிமிடம்...

முதற் கேள்வி. கராஜ் கதவையும் திறந்து வையுங்கள்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து: ஹைபிரிட் கார் நிற்கும்போதும் எஞ்சின் தானாக ஓடுது. பழுதா?

இல்லை. குளிர்ந்த எஞ்சினைத் தானே சூடாக்குகிறது. சூடானதும் நின்றுவிடும். 2004இல் வந்த பிரியஸின் வட அமெரிக்க மாதிரியில் சூட்டுக் கூலன்றைச் சேமித்து வைக்க வெந்நீர்ப் போத்தல் போன்ற கலமே இருந்தது. மூன்று நாள்வரை சூட்டைப் பிடித்துவைத்து ஸ்டார்ட் அடிக்குமுன் எஞ்சினுக்குள் அனுப்பும். ஸ்காபரோவில் முதன்முதலில் அதைக் கழற்றிப் பார்த்த அன்று எனக்குச் சரியான சந்தோசம்.

சீனக்குடா லொறி உரிமையாளர்: சட்டியில போட்டுப் பாத்தன். கொதிச்சும் திறக்கேல்லை. புதுசு வாங்கினால் எப்பிடிப் பூட்டுறது?

வெரி குட் அண்ணை. பழையதில் குத்தியிருக்கிற எண்ணையே கேட்டு வாங்குங்கள். பழைய காஸ்கட் ஒட்டியிருந்தால் நன்றாகச் சுரண்டி எடுங்கள். விளிம்பில் ஆடுகிற சின்ன ஊசி ஒன்று இருக்கும், அது மேல்பக்கம் வரவேண்டும், காற்று வெளியேற. மெழுகுக் குண்டு எஞ்சின் பக்கம் பார்க்கட்டும். ரேடியேட்டரைக் கழுவி, கூலன்றும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, குமிழி நின்றதும் நிரப்பி மூடுங்கள்.