மகளின் கொழும்பு வாடகை வீட்டுக்கு அப்பா பிணைக் கையெழுத்து வைக்கலாமா?

பொகவந்தலாவையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு தோழிகளோடு சேர்ந்து ஒரு அனெக்ஸ் (பெரிய வீட்டோடு ஒட்டிய சிறு வீடு) வாடகைக்கு எடுக்கிறாள், வீட்டுக்காரர் பெற்றோரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்கிறார். தேயிலைத் தோட்ட ஆபீஸில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் எல்லோரும் உங்களைக் காட்டுகிறார்கள்.

வையுங்கள் அண்ணன். ஆனால் அவர்கள் நீட்டுகிற தாளில் அப்படியே வைக்க வேண்டாம். 2019இல் நான் அப்படித்தான் வைத்தேன்.

நான் ஹட்டன் பக்கத்தில் டீச்சர். எங்கள் பக்கம் டீச்சர் என்றாலே பிணைக்கு ஆள் என்பது உங்களுக்கே தெரியும். பேங்க் லோனுக்கு அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் வேண்டும் என்றால் சொந்தக்காரர்கள் முதலில் வந்து நிற்பது எங்கள் வாசலில்தான். அந்தப் பழக்கத்தில் மகனுக்கும் கையெழுத்து வைத்தேன். நுகேகொடையில் மூன்று அறை வீடு, மாத வாடகை 45,000. மூன்று பையன்கள், ஆளுக்கு 15,000. அட்வான்ஸ் மூன்று மாதம், 135,000. தாள் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், சட்டச் சிங்களம் வாசிக்க வராது. வீட்டுக்கார நோனா தேத்தண்ணி வைத்துவிட்டு, “சும்மா ஒரு கையெழுத்துதான் டீச்சர்” என்றார். தேத்தண்ணி ஆறுவதற்குள் வைத்துவிட்டேன்.

வீடு கிடைத்ததே பெரிசு என்று நினைத்ததுதான் காரணம். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. அந்தக் காலத்தைப் பார்த்த எங்களுக்கு, தமிழ்ப் பிள்ளைக்கு ஒருவர் வீடு தருகிறார் என்றால் எதிர்க்கேள்வி கேட்க வாய் வராது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பையன்கள் மூன்று பேரும் ஊருக்கு வந்துவிட்டார்கள், சாமான் எல்லாம் நுகேகொடையில். மகன் பாதிச் சம்பளத்திலும் தன் பங்கை மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் நிறுத்திவிட்டது எனக்குத் தெரியாது. ஆகஸ்டில் நோனா போன் எடுத்தார். “டீச்சர், ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் வர இருக்கு.” ஏப்ரலிலிருந்து ஐந்து மாதம், இரண்டு பையன்களின் பங்கு.

மறுநாள் எங்கள் சிங்கள ஆசிரியை அந்தத் தாளை வரி வரியாக வாசித்துச் சொன்னார். வாடகைக்கு இருப்பவர்கள் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு, அவர்கள் கட்ட வேண்டிய எல்லாத் தொகைக்கும் நான் பிணை. அதாவது மூன்று பேரில் யார் கட்டாவிட்டாலும் முழுப் பணத்தையும் என்னிடமே கேட்கலாம். என் மகனுக்குத்தான் கையெழுத்து வைத்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாட்டன்மார் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தோட்டம் மாறுகிறவர்களின் கடனெல்லாம் அதில் ஏறியிருக்கும். புதுத் தோட்டம் அதைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள், கட்டிய பணம் அங்கே புதுக் கடனாகும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அன்று அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தபோது எனக்குத் துண்டுதான் ஞாபகம் வந்தது. யார் யாரோ பட்ட கடன், கீழே என் பெயர்.

சட்டத்தில் பிணையாளிக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் நாட்டின் உரோம-டச்சுச் சட்டப்படி, முதலில் கடன்பட்டவரிடம் கேட்டு வசூலிக்கப் பாருங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று பிணையாளி சொல்லலாம். ஆனால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று பெரும்பாலான தாள்களில் ஒரு வரி இருக்கும். என் தாளிலும் இருந்தது. இன்னொன்று, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவர் கடனுக்குப் பிணை என்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஆகவே எல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் அவற்றை மாற்றலாம். வைத்த பிறகு, வாசிக்கத் தெரியாது என்பது லேசில் எடுபடாது.

அந்த இரண்டு பையன்களில் ஒருவனின் அம்மா தலவாக்கலையிலிருந்து வந்தார். கொழுந்து எடுக்கிறவர். ஒன்றும் சொல்லாமல் சம்பளத் துண்டை மேசையில் விரித்து, ஒவ்வொரு கழிவிலும் விரலை வைத்துக் காட்டினார்: ஈ.பி.எப். சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கடைசியில் கைக்கு வந்தது. அப்போது அடிப்படை நாள் சம்பளம் 700 ரூபாய். அந்த வீட்டின் ஒரு மாத வாடகை அவருக்கு 64 நாள் பேர், அதாவது 64 நாள் முழுக் கூலி. அரைப்பேர், அதாவது பாதிக் கூலி, போட்ட நாட்களும் அந்தச் சம்பளத் துண்டில் இருந்தன. அதைப் பார்த்த பிறகு அவரிடம் பணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நோனாவும் கெட்டவர் இல்லை. புருஷன் இல்லாதவர், அந்த வாடகையில்தான் மருந்து வாங்குகிறார். வீட்டை ஒப்படைத்து, அட்வான்ஸ் முழுவதையும் பாக்கியில் கழித்து, மீதி 15,000ஐயும் லைட் பில்லையும் நான் கட்டினேன். மகன் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியும் அவனுடைய 45,000 அட்வான்ஸ் மற்றவர்கள் கணக்கில் போனது. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதனால் அண்ணன், தாளின் பிரதியை மகளிடம் இன்றைக்கே போனில் அனுப்பச் சொல்லுங்கள். தமிழில் புரியும்வரை கையெழுத்து வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் காட்டினால் விளக்குவார்கள். உங்கள் பிணை மகளின் பங்குக்கு மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். ரூபாயில் ஒரு உச்சத் தொகையும் முடிகிற திகதியும் இருக்கட்டும். வாடகை கூடினாலோ காலம் நீண்டாலோ உங்கள் புதுக் கையெழுத்து இல்லாமல் பிணை தொடரக் கூடாது. ஒரு மாதம் தவறினால் 14 நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டாம் மாதமே தெரிந்திருந்தால் வீட்டை அப்போதே விட்டிருப்போம். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அவரவர் வீட்டிலிருந்து ஒருவர் நிற்கட்டும். தோட்டச் சம்பளம் 10ஆம் திகதி என்றால் வாடகை நாளையும் அதற்குப் பிறகு வைக்கச் சொல்லலாம், கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். வீட்டுக்காரர் எதற்கும் இணங்காவிட்டால், பிணைக்குப் பதிலாக இன்னொரு மாத அட்வான்ஸ் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். போனால் அந்தப் பணத்தோடு போகும்.

கேட்டால் மகள் மனம் நோவாளோ என்று எழுதியிருக்கிறீர்கள். அவளையே பக்கத்தில் உட்காரவைத்துத் தாளை வாசியுங்கள். என் மகன் இப்போது தெஹிவளையில் தனியறையில் இருக்கிறான். அதற்கும் நான்தான் பிணை, இரண்டு மாத வாடகை வரை, டிசம்பர் 31 வரை. அந்த இரண்டையும் தாளில் எழுதச் சொன்னது அவன்தான். ஒவ்வொரு மாதமும் ரிசீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான்.